புற்றடியில் குனிந்தவள்

போன புரட்டாசியில் ஒரு காலை, முதல் பாடவேளைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. செம்மண் தரை, அரைகுறையாக முளைத்த புல், அதன் நடுவே யாரோ ஒரு படி பச்சரிசியைக் கைதவறிக் கொட்டிவிட்டது போல் நூற்றுக்கணக்கில் வெள்ளைப் பொட்டுகள். கீழே ஒரு வரி: "மேடம், இது தின்னலாமா?"

அனுப்பியவர் என்னிடம் இளங்கலைத் தமிழ் படிக்கும் மாணவி. வீடு மாரண்டஹள்ளிக்கும் பஞ்சப்பள்ளிக்கும் இடையில் ஒரு சிற்றூர். அம்மா ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேன் ஏறிப் போகிறவர். விடியுமுன் போனால் இருட்டித்தான் திரும்புவார். வீட்டில் பகலில் இருப்பது அவளும் அவளுடைய ஆயாவும்.

"தொடாதே. பெரியவர்களைக் கேள்" என்று அனுப்பிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். அன்று முழுக்க ஒரு கூச்சம் கூடவே இருந்தது. சங்க இலக்கியத்தில் 'ஆம்பி' எங்கெங்கே வருகிறது என்று அந்தப் பெண் கேட்டிருந்தால் நின்ற இடத்தில் சொல்லியிருப்பேன். ஆம்பி என்பது காளான். சொல்லைத் தெரிந்த எனக்குப் பொருளைக் காட்டினால் தெரியவில்லை. மதியம் அவளிடமிருந்து பதில் வந்திருந்தது: "ஆயாவுக்குக் கண்ணு சரியா தெரியாது மேடம். ஆனா தொட்டுப் பாத்து சொல்லும்."

இந்தக் கட்டுரை அந்தப் பதிலிலிருந்து தொடங்குகிறது. ஒரு சின்னக் காளானை இது இன்னது என்று சொல்லும் அறிவு யாரிடம் இருந்தது, யாருடைய பெயரில் எழுதப்பட்டது, அந்த எழுத்தில் யார் விடுபட்டார்கள் என்பதுதான் நான் தேடிப் பார்த்தது.

முதலில் அந்தப் பொருளைப் பற்றி. படத்தில் இருந்தது அரிசிக்காளான்; புற்றுக்காளான் வகைகளிலேயே மிகச் சிறியது. தொப்பி சட்டைப் பொத்தான் அளவுதான், அரை சென்டிமீட்டரிலிருந்து இரண்டரை வரை. விரியுமுன் கூம்பாக இருக்கும். விரிந்த பிறகு நடுவில் சாம்பல் படிந்த ஒரு சிறு முனை நிற்க, ஓரம் கீறிக்கொள்ளும். தொப்பியின் அடியில் விசிறி மடிப்புப் போன்ற தகடுகள் முதலில் வெள்ளை, முற்றும்போது வெளிர் இளஞ்சிவப்பு. தண்டு மெலிசு. தண்டில் வளையம் இல்லை, அடியில் பை போன்ற உறையும் இல்லை. தனியாக ஒன்று முளைக்காது. வந்தால் கூட்டமாகத்தான் வரும்.

வரும் விதமும் விசித்திரமானது. கறையான்கள் சருகையும் மரத்தையும் மென்று புற்றுக்குள் கடற்பஞ்சு போன்ற ஒரு தோட்டம் கட்டி, அதில் பூஞ்சையை வளர்த்து, அதைத் தின்று வாழ்கின்றன. புற்றுக்காளானின் பெரிய வகைகள் அந்தத் தோட்டத்திலிருந்து நீண்ட வேர் போன்ற தண்டை மேலே அனுப்பி மண்ணைப் பிளந்துகொண்டு வெளிவரும். அரிசிக்காளானுக்கு அந்த நீள்வேர் கிடையாது. கறையான்கள் பழைய தோட்டத்தைக் கிளறித் துகள்துகளாக வெளியே கொண்டுவந்து தரையில் பரப்பிவைக்கின்றன. மழை ஈரத்தில் அந்தத் துகளெல்லாம் பூத்துவிடுகின்றன. கறையான் இல்லாமல் இந்தக் காளான் இல்லை. மனிதர்கள் இதை இன்றுவரை வியாபார அளவில் வளர்க்கவில்லை. தேடிப் போய்க் குனிந்தால்தான் கிடைக்கும்.

இந்த உறவை மாரண்டஹள்ளியின் மொழிகள் எப்போதோ தெரிந்துவைத்திருக்கின்றன. சந்தைக்குப் போனால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பேரத்துக்குள் கலந்து ஓடும் ஊர் அது. தெலுங்கில் காளானுக்குப் பெயரே புட்டகொடுகு, அதாவது புற்றுக்குடை. உண்ணக் கூடாததைத் தமிழில் நாய்க்குடை என்கிறோம். தெலுங்கில் குக்ககொடுகு, கன்னடத்தில் நாயிகொடெ. மூன்று மொழியிலும் அதே நாய், அதே குடை. விலக்க வேண்டியதற்கு ஒரு பெயர் வைத்து மூன்று மொழியிலும் அதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், அடுப்புக்குப் பொறுப்பாக இருந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இனி என் பாடப்பகுதிக்கு வருகிறேன். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் ஒரு பாணனின் வீட்டு அடுக்களையைக் காட்டுகிறார். குட்டி போட்ட நாய் குரைக்கிறது. பழஞ்சுவரைக் கறையான் கூட்டம் அரித்துப் புழுதியாக்கியிருக்கிறது. அந்தப் புழுதியில் உள்ளே துளையுள்ள காளான் பூத்திருக்கிறது. பசியால் இடை ஒடுங்கிய கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிவந்து, உப்பில்லாமல் வேகவைத்து, அறியாதவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள்.

இருபது ஆண்டுகளாக இந்தப் பகுதியை 'வறுமையின் உச்சம்' என்று நடத்திவந்தேன். காளான் பூத்தது அடுப்பு எரியாததற்கு அடையாளம் என்பேன். புறநானூற்றில் குமணனிடம் போகும் பெருந்தலைச் சாத்தனாரும் சமைப்பதையே மறந்த அடுப்பில் ஆம்பி பூத்ததாகச் சொல்வார். அதையும் சேர்த்துச் சொல்லி வகுப்பை முடிப்பேன். தேர்வுக்கும் அதுதான் விடை. மாணவியின் படத்துக்குப் பிறகு மறுபடி படித்தபோது ஒரு கேள்வி எழுந்தது. வீட்டுக்குள்ளேயே காளான் பூத்திருக்கிறது. அவளோ பட்டினியில் இருக்கிறாள். பிறகு எதற்காக வெளியே போய்க் குப்பையில் கீரை கிள்ளுகிறாள்?

புலவருக்குக் காளான் வெறும் வறுமைக் காட்சி, அவ்வளவுதான் என்று விட்டுவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் அந்தக் காளானைப் பார்த்தாள். அது தின்னும் காளான் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும் பசியிலும் இது வேண்டாம், அது வேண்டும் என்று பிரித்த ஒரு முடிவு அந்த வரிகளுக்கு இடையில் இருக்கிறது. தவறாகப் பிரித்திருந்தால் சுற்றமே செத்திருக்கும். கறையானையும் காளானையும் அடுத்தடுத்து வைத்த புலவரின் கண்ணைப் பாராட்டுகிறோம். கிணைமகளின் கண்ணைப் பற்றி இதுவரை நான் ஒரு வகுப்பிலும் பேசியதில்லை.

புற்று என்பது உணவு கிடைக்கும் இடம் என்பது அந்தக் காலத்தில் இரகசியமும் அல்ல. பாரியின் நாட்டைப் பாடும் கபிலர் செம்புற்றில் கிளம்பும் ஈசலைப் புளித்த மோரோடு சேர்த்துச் சமைப்பதைச் செழிப்பின் அடையாளமாகவே சொல்கிறார். தகடூர் இன்றைய தர்மபுரி. அதன் அதியமான் ஔவைக்குத் தந்த நெல்லிக்கனியை எல்லாப் பாடநூலும் நினைவில் வைத்திருக்கிறது. மலையிலிருந்து வந்த ஒரு கனி வரலாறானதற்கு அதைக் கொடுத்தவன் அரசன் என்பது ஒரு காரணம். வாங்கியவள் பாட்டெழுதத் தெரிந்தவள் என்பது இன்னொன்று, அதையும் சொல்ல வேண்டும்.

காளானுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் பூண்டு, வெங்காயத்தோடு காளானையும் இருபிறப்பாளர்க்கு விலக்கிவைத்தது. விலக்கப்பட்ட உணவைப் பற்றிய அறிவும் விலக்கப்பட்ட அறிவாகிவிடும். ஏடு எழுதிய கைக்கும் புற்றடியில் மண்ணைக் கிளறிய கைக்கும் நடுவே சாதி இருந்தது, பால் இருந்தது.

ஐரோப்பியர்கள் வந்தபோது அந்தத் தூரம் குறையவில்லை. அதை வேறொருவர் வந்து அளந்தார், அவ்வளவே. லின்னேயஸின் மாணவரான யோஹான் ஜெரார்ட் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர். 1779இல் அவர் கறையான்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். புற்றுக்குள் இருக்கும் பூஞ்சையை முதலில் எழுத்தில் குறித்தவர் அவரே. ஈசலைப் பிடிக்கும் உத்தியையும், மாவோடு சேர்த்துப் பலகாரமாக்கி ஏழைகளுக்கு மலிவாக விற்பதையும் அவர் எழுதியிருக்கிறார். மாவு பிசைந்தவர் யார்? எழுத்தில் அவர்கள் 'உள்ளூர் மக்கள்' என்ற ஒரே திரளாகிவிடுகிறார்கள்.

அரிசிக்காளானுக்கு அறிவியல் பெயர் கிடைத்தது இலங்கையில். பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பிலிருந்த துவைட்ஸ் காளான்களை உலர்த்தி இங்கிலாந்துக்கு அனுப்பினார். மைல்ஸ் ஜோசப் பெர்க்கிலி என்ற பாதிரியாரும் கிறிஸ்டபர் புரூமும் அவற்றுக்குப் பெயர் வைத்து, லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அச்சிட்டார்கள். 1871இல் நம் காளான் 'அகாரிகஸ் மைக்ரோகார்பஸ்' ஆனது. மைக்ரோகார்பஸ் என்றால் சிறுகனி. 1942இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹைம் கறையானோடு வாழும் காளான்களுக்கென்று 'டெர்மிடோமைசிஸ்' என்ற பேரினத்தை அமைத்து இதையும் அதில் சேர்த்தார். ஆகவே இன்று முழுப்பெயர் எழுதினால் பின்னால் பெர்க்கிலி, புரூம், ஹைம் என்று மூன்று ஆண்களின் பெயர்கள் வரும். தமிழ்நாட்டிலும் நடந்தது இதேதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979இல் தென்னிந்தியப் புற்றுக்காளான் ஒன்றை விவரித்து, ஹைமைப் பெருமைப்படுத்தி 'டெர்மிடோமைசிஸ் ஹைமீ' என்று பெயரிட்டார். அவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த விவரிப்புகள் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க முடியாது. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்: பெயர் வைத்தவர்கள் யாருக்கும் அந்தக் காளானைத் தின்று பார்த்தாக வேண்டிய கட்டாயமில்லை. தவறினால் ஒரு திருத்தக் குறிப்பு வரும். புற்றடியில் குனிந்தவள் தவறினால் பிள்ளை போகும், பழியும் அவள் மேலேயே விழும். மழைக்காலந்தோறும் விஷக்காளான் செய்திகள் வருகின்றன. சமைத்தவள் யார் என்பது அவற்றில் தவறாமல் இருக்கும்.

அந்த லின்னேயன் சங்கத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். 1897 ஏப்ரல் 1ஆம் தேதி அங்கே காளான் வித்துகள் முளைப்பதைப் பற்றி ஓர் ஆய்வுரை படிக்கப்பட்டது. எழுதியவர் பியாட்ரிக்ஸ் பாட்டர். பின்னாளில் பீட்டர் என்ற முயலின் கதையால் உலகம் அறிந்தவர். கூட்டத்தில் பெண்கள் கலந்துகொள்ள முடியாது. அதனால் கியூ தோட்டத்தின் ஜார்ஜ் மாசி அதை முன்வைத்தார். பாட்டர் உரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அது இன்று கிடைப்பதில்லை. 1904ஆம் ஆண்டின் கடைசியில்தான் அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. பாட்டருக்கு அநீதி இழைத்துவிட்டோம் என்று அது ஒப்புக்கொண்டது 1997இல். நூறு ஆண்டு கழித்தாவது ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு பெயர் இருந்தது, நுண்ணோக்கி இருந்தது, வரைந்த படங்கள் இருந்தன. பாட்டருக்குக் காளான்களைக் கொண்டுவந்து தந்து கற்பித்தவர்களில் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மெக்கின்டாஷ் என்ற கிராமத்துத் தபால்காரரும் உண்டு. பெண் விடுபட்ட கதையைச் சொல்லும்போது தபால்காரரை நாம் விட்டுவிடக் கூடாது.

மாரண்டஹள்ளிப் பக்கத்துப் பெண்கள் எழுத்தில் எங்கே வருகிறார்கள்? 1965 வரை இந்தப் பகுதி சேலம் மாவட்டம். 1876–78 பெரும்பஞ்சத்தில் சேலம் மிக மோசமாக அடிபட்டது. 1871க்கும் 1881க்கும் இடையில் மாவட்டத்தின் மக்கள்தொகையே குறைந்தது. அந்த ஆண்டுகளில் எதைப் பறித்தால் பிழைக்கலாம் என்று தெரிந்தவர்கள்தான் மிஞ்சியிருப்பார்கள். தனி மாவட்டமான பிறகு, 1990களில் தர்மபுரி என்ற பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டது பெண்சிசுக் கொலைக்காக. எருக்கம்பால் என்ற சொல்லை நகரத்து வாசகர்கள் அப்போதுதான் கற்றுக்கொண்டார்கள். எந்தப் பால் கொல்லும் என்ற இந்தப் பெண்களின் அறிவு காவல்நிலையக் கோப்பிலும் பத்திரிகையிலும் ஆய்வேட்டிலும் பதிவானது. பதிவாக வேண்டியதுதான், அதை மறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் அதே கைகளுக்கு எது பிழைக்கவைக்கும் என்று தெரிந்திருந்ததை எழுதிவைக்கக் கோப்பே இல்லை.

இன்னொரு பதிவும் உண்டு, நல்ல பதிவு. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக்குழுக்கள் முதலில் தொடங்கப்பட்டது 1989இல், இந்தத் தர்மபுரி மாவட்டத்தில்தான். தன் பெயரில் வங்கிக் கணக்கு, கையெழுத்து, கூடிப் பேச ஓர் இடம் ஆகியவை என்ன மாற்றத்தைச் செய்தன என்பதை என் மாணவிகளின் வீடுகளிலேயே பார்க்கிறேன். குழுக்கள் வழியாகச் சிப்பிக்காளான் வளர்ப்புப் பயிற்சியும் வந்தது: வைக்கோலை வேகவைத்து, பாலித்தீன் பையில் அடுக்கி, காளான் விதை தூவி, இருட்டறையில் கட்டித் தொங்கவிடுவது. பல ஆண்டுகளுக்கு முன்பு அப்படி ஒரு பயிற்சியில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தேன். சொல்லிக்கொடுத்தவர், நல்ல மனிதர், எடுத்த எடுப்பில் கேட்டார்: "காளானை யாராவது நேரில் பாத்திருக்கீங்களா?" முன்வரிசையில் இருந்த வயதான பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர் அதைக் கூச்சம் என்று நினைத்து அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நானும் சிரித்தேனே தவிர, எதற்காகச் சிரித்தார்கள் என்று எழுந்துபோய்க் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையை அப்போதே எழுதியிருப்பேன்.

ஒரு வாரம் கழித்து, சனிக்கிழமை மதியம், மாணவியின் வீட்டுக்குப் போனேன். முந்தின இரவு நல்ல இடியும் மழையும். இடி இடித்தால் காளான் பூக்கும் என்பார்கள். பூக்கவைத்தது மழையின் ஈரம்தான், ஆனால் இடியைக் கேட்டு மறுநாள் தேடக் கிளம்புவது நல்ல கணக்கு. வழியெல்லாம் தக்காளித் தோட்டம். புற்றுகள் குறைந்துவிட்டன. நிலத்தைச் சமன்செய்ய வரும் ஜேசிபி முதலில் இடிப்பது அவற்றைத்தான். எஞ்சியதைக் கறையானுக்கு ஊற்றும் குளோர்பைரிபாஸ் பார்த்துக்கொள்கிறது. அம்மன் குடியிருக்கும் புற்று மட்டும் மஞ்சள் துணியோடு பத்திரமாக நிற்கிறது. ஆடி வெள்ளியில் அதற்குப் பால் ஊற்றப் போகும் பெண்களின் பக்தி எத்தனை கறையான் தோட்டங்களைக் காப்பாற்றியிருக்கும் என்று யோசித்தபடி போனேன்.

ஆயா திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். பேத்தி மண்ணோடு அள்ளிவந்து முறத்தில் கொட்டியதும், அரிசியில் கல் பொறுக்குவது போல விரல்கள் ஓடத் தொடங்கின. பிடி பிடியாக எடுப்பார், தண்டைக் கீழிருந்து மேல்வரை நீவுவார், தொப்பியைப் புரட்டி மடிப்பில் பெருவிரலை வைப்பார், மூக்கருகே கொண்டுபோவார், கூடையில் போடுவார். பேசவே இல்லை. ஓர் இடத்தில் விரல் நின்றது. மூன்றை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"இது இதுங்களோட பொறந்தது இல்லையே கண்ணு. எங்க எடுத்த?"

பேத்தி விழித்தாள். கொஞ்சம் தள்ளி, வேலியோரம் தனியாக மூன்று நின்றதாம். வெள்ளையாக இருக்கிறதே என்று சேர்த்துப் பிடுங்கிவிட்டாளாம்.

"எப்படிங்க ஆயா தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"கழுத்துல சவ்வு தட்டுது பாரு."

தொட்டுப் பார்த்தேன். தண்டின் மேல்பகுதியில் கிழிந்த ஒரு மெல்லிய வளையத்தின் மிச்சம் இருந்தது. கண்ணுக்கு அது தெரியவே இல்லை, விரலுக்குத் தெரிந்தது. பக்கத்துவீட்டு அவ்வா வாசலிலிருந்து, "தாலி கட்டினது நமக்கு வேணாம்னு தள்ளுது" என்றார். திண்ணையே சிரித்தது. வளையம் உள்ளதெல்லாம் விஷமல்ல, வளையம் இல்லாததெல்லாம் நல்லதுமல்ல. இந்த ஒரு காளானுக்கு அந்தச் சோதனை பொருந்தும், அதுவும் கூட்டம், இடம், மணம், மடிப்பின் நிறம் எல்லாம் சேர்ந்து பொருந்தினால்தான்.

படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கே கண்டிப்பாக ஒன்று சொல்கிறேன். இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு யாரும் காளான் பறிக்கக் கிளம்ப வேண்டாம். கைபேசிப் படத்தை வைத்தும் வேண்டாம். வெள்ளிக்காசு கறுத்தால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்லது, மஞ்சள் போட்டு வேகவைத்தால் சரியாகிவிடும் என்பவை எல்லாம் பொய். கல்லீரலைக் கெடுக்கும் வகைகளின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. தின்று ஆறு மணிநேரத்துக்கும் மேலான பிறகுதான் வாந்தி தொடங்கும், பிறகு தேறிவிட்டது போலக் காட்டி ஏமாற்றும். ஆயாவிடம் இந்தக் குறுக்குவழிகளில் ஒன்றையும் நான் கேட்கவில்லை. அவர் ஒரு காளானை மட்டும் அறிந்திருந்தார், அறுபது மழைக்காலங்களாக.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். மாமியார் என்றார். கல்யாணமாகி வந்த முதல் ஆவணியில், முறத்தைக் கையில் கொடுத்து, தப்பாகப் பொறுக்கினதுக்குத் தலையில் ஒரு குட்டு. "எங்கம்மா ஊர்ல இது இல்ல. அங்க வேற மண்ணு." பெண்களின் அறிவு தாய்வழியாக வருகிறது என்று மேடைகளில் அழகாகப் பேசியிருக்கிறேன். இங்கே அது மாமியார் வழியாக, குட்டு வழியாக வந்திருக்கிறது. இப்போது மருமகள் கம்பெனி வேனில் இருக்கிறாள். அந்தச் சம்பளத்தில்தான் பேத்தி கல்லூரிக்கு வருகிறாள். அவள் வேலையை விட்டுவிட்டுப் புற்றடிக்கு வரட்டும் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? பேத்தி ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருந்தாள். இடம், நாள், மழை, மண், மணம் என்று கோடு போட்டு, முதல் கட்டத்தில் 'சொன்னவர்' என்று தலைப்பிட்டு ஆயாவின் பெயரை எழுதியிருந்தாள்.

கடைசிப் பேருந்தை விட்டுவிட்டு அன்றிரவு அங்கேயே தங்கினேன். ஏழெட்டுத் தண்ணீரில் மண் போக அலசி, சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் அரைத்துக் குழம்பு வைத்தார்கள். சூடான கேழ்வரகுக் களி. நான்கைந்து காளான்களை மட்டும் நான் எடுத்துவைத்து, நூலில் படித்தபடி தொப்பியை நறுக்கி வெள்ளைத்தாளில் கவிழ்த்து, மேலே டம்ளரை மூடினேன். வித்துத்தூள் உதிர்ந்து அதன் நிறம் தெரிய ஓர் இரவு ஆகும். இந்த வகைக்கு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும்.

காலையில் டம்ளரை எடுத்தோம். தாளில் விசிறி விசிறியாக இளஞ்சிவப்புத் தூள். பேத்தி குதித்தாள். ஆயாவின் விரலைப் பிடித்து அதன்மேல் மெல்ல வைத்து, என்ன நடந்தது, இதனால் என்ன உறுதியாகிறது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இத பாத்துட்டுத்தான் திங்கணும்னா," என்றார், "நேத்து ராத்திரி களிக்கு என்னத்த ஊத்தியிருப்பேன்?"